வெள்ளிக்கிழமைத் தப்பு ஏலம்

நாற்பது நிமிடப் பாடவேளையில் பதினோரு முறை. அத்தனை முறை பக்கத்து வகுப்பு சிரித்தது. ஒவ்வொரு சிரிப்புக்கும் என் வருகைப் பதிவேட்டின் பின்னட்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். நான்கு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது. எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு ‘ஏ’ பிரிவுக்கும் ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கும் நடுவே சுவர் கிடையாது. ஆறடி உயரத்துக்கு ஒரு மரத் தட்டிதான். கடல் காற்றில் அது ஊறி வளைந்து, கீழ்ப்பக்கம் நான்கு விரல் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. அந்த வழியாகப் பேச்சு வரும், சாக்பீஸ் தூள் வரும், காற்று திரும்பிய நாட்களில் மணலிப் பக்கத்து ஆலைகளின் நெடி வரும். சிரிப்பு வந்தது அந்த ஆண்டுதான். அதற்கு முன் பத்தொன்பது ஆண்டுகளாக அந்தத் தட்டிக்கு இந்தப் பக்கம் நான் கணக்கு நடத்தினேன், அந்தப் பக்கம் வேறு வேறு ஆசிரியர்கள் கணக்கு நடத்தினார்கள். எந்தப் பக்கமும் யாரும் சிரித்ததில்லை. கணக்கில் சிரிக்க என்ன இருக்கிறது?

திருவொற்றியூரில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது அந்தப் பள்ளி. மீன்பிடிப்பவர்கள், துறைமுகத்தில் வேலை செய்பவர்கள், கண்டெய்னர் லாரி ஓட்டுபவர்கள், இவர்களுடைய பிள்ளைகள்தான் எங்களிடம் படித்தார்கள். நான் அங்கே மூத்த கணக்காசிரியன். என் அப்பா தெற்கிலிருந்து இங்கே வந்து மளிகைக் கடை வைத்தவர். வீட்டில் பேசியது தெற்கத்திப் பேச்சு. பள்ளியில் பேசியது புத்தகத் தமிழ். முப்பது வருடம் இந்த ஊரில் வேலை பார்த்தும் பிள்ளைகளுடைய பேச்சு என் நாக்கில் ஏறவில்லை. எதையும் எண்ணிவிடுவது என் பழக்கம். பள்ளி மாடிக்கு இருபத்தொரு படி. ரயில்வே கேட்டில் நின்றால் சரக்கு வண்டியின் பெட்டிகளை எண்ணாமல் கடக்க மாட்டேன். வகுப்பிலும் அப்படித்தான். ஒரு கணக்கைப் பலகையில் போடுவேன், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். சரியாகப் போட்டவன் ஐந்து முறை எழுத வேண்டும், தப்பாகப் போட்டவன் இருபது முறை. இப்படித்தான் பத்தாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளையும் பத்தொன்பது ஆண்டுகள் கரை சேர்த்தேன். பொதுத் தேர்வு முடிவு வந்த பிறகு, ஜூன் மாதம் முதல் இறைவணக்கக் கூட்டத்தில், எந்த ஆசிரியருக்கு எத்தனை சென்டம், அதாவது நூற்றுக்கு நூறு, என்று தலைமையாசிரியர் வாசிப்பார். பிறகு அவருடைய அறையில் இருக்கும் பலகையில் ஆண்டு, பெயர், எண்ணிக்கை என்று பெயிண்டர் எழுதிவிட்டுப் போவார். கணக்குப் பாடத்துக்கு நேரே அந்தப் பலகையில் இருந்தது ஒரே ஒரு பெயர்.

அந்த ஆண்டு ராயபுரத்திலிருந்து மாற்றலாகி வந்தார் ஒரு கணக்கு டீச்சர். எங்கள் நிர்வாகத்துக்கு அங்கேயும் ஒரு பள்ளி உண்டு. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மாதா கோயில் மணி கேட்கும் தூரத்தில் வீடு. அவருக்கு ஒன்பதாம் வகுப்பு ‘பி’ கொடுக்கப்பட்டது; ஆகவே எல்லாருக்கும் அவர் ‘ஒன்பது பி டீச்சர்’ ஆனார். ஆசிரியர் அறையில் எங்களோடு பேசும்போது அளந்து, மரியாதையாகப் பேசுவார். வகுப்புக்குள் போனால் வேறு ஆள். தட்டி வழியாக நான் முதன்முதலில் கேட்ட வாக்கியம் இன்னும் காதில் இருக்கிறது. ஒரு பையன் தப்பாகப் போட்டிருக்கிறான் போல. நானாக இருந்தால் நோட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். அவர், “சூப்பர்டா. இன்னா நெனச்சிகினு இப்டிப் போட்ட? அத்த மொதல்ல சொல்லு” என்றார். குரலில் கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவரின் குரல் அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் செய்தது இதுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டாவதாக ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் சரியான கணக்குக்கு இடமில்லை. அன்றைக்குத் தான் போட்ட தப்புகளில் ஒன்றை அழிக்காமல், திருத்தாமல் அதில் எழுத வேண்டும். கீழே, ஏன் அப்படித் தோன்றியது என்று இரண்டு வரி. பிள்ளைகளே அதற்குத் ‘தப்பு நோட்டு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். சுவையான தப்புக்கு டீச்சர் ஒரு நட்சத்திரம் போட்டுச் சுருக்கொப்பம் இடுவார். சிவப்பு மை கிடையாது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் அந்த வாரத்துத் தப்புகள் ஏலத்துக்கு வரும்.

ஏலம் என்றால் காசிமேட்டில் மீன் ஏலம் விடுவது போலவேதான். பதினோரு சிரிப்பை எண்ணியதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, என் வகுப்புக்கு ஒரு தேர்வைக் கொடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போகிறவன் போல நடைவழியில் நின்று சன்னல் வழியாகப் பார்த்தேன். டீச்சர் கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். பலகையின் முன்னால் ஒரு பெண். அவளுடைய அம்மா காசிமேட்டில் மீன் விற்பவள். குரல் அங்கிருந்து வந்திருக்க வேண்டும். ஒரு பையனுடைய தப்பைப் பலகையில் எழுதிவிட்டு அவள் கூவினாள்.

“வா வா வா! அரையும் மூணுல ஒண்ணும் கூட்டினா அஞ்சுல ரெண்டு! ஐஸ் வெக்காத சரக்கு, இப்பத்தான் கரைக்கு வந்துச்சு! எத்தினி கேள்வி?”

“அஞ்சு!”

“அஞ்சா? நீ வேற கடை பாரு மாமு.”

“மூணு!”

“ரெண்டு!”

“ரெண்டுக்குக் கேக்குறாரு நம்ம நைனா! ஒரு தரம்… ரெண்டு தரம்… மூணு தரம்!”

காசிமேட்டில் விலை ஏறும். இங்கே இறங்கும். தப்பு போட்டவனிடம் எத்தனை கேள்வி கேட்டால் அவன் மனதில் என்ன ஓடியது என்று கண்டுபிடிக்க முடியும் என்பதுதான் ஏலத் தொகை. குறைவாகக் கேட்டவனுக்குத் தப்பு சொந்தம். இரண்டு கேள்விக்கு எடுத்த பையன் எழுந்து, “மேலயும் கூட்டிக்கினே, கீழயும் கூட்டிக்கினே. இன்னாத்த நெனச்சே?” என்றான்.

தப்புக்காரன் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. “மொத மேட்ச்ல ரெண்டு பெனால்டி அடிச்சேன், ஒண்ணு கோலு. அடுத்த மேட்ச்ல மூணு அடிச்சேன், ஒண்ணு கோலு. மொத்தம் அஞ்சு அடிச்சு ரெண்டு கோலு. இன்னா தப்பு கீது இதுல?”

வகுப்பு மொத்தமும் பலகையைத் திரும்பப் பார்த்தது. நானும் சன்னலுக்கு வெளியே அந்தக் கோல்களை எண்ணிப் பார்த்தேன், ஐந்தில் இரண்டுதான். கடைசி பெஞ்சிலிருந்து டீச்சர் சொன்னார்: “தப்பே இல்லடா. உன் கேள்விக்கு அது கரெக்ட்டு. புக்குல வேற கேள்வி கேக்குறான். ஒரே பன்னு. மொதல்ல பாதி துன்னுட்ட. அப்புறம் இன்னொரு துண்டு, மூணுல ஒண்ணு, அதையும் துன்னுட்ட. மொத்தம் அஞ்சுல ரெண்டுன்னு சொல்ற. அஞ்சுல ரெண்டு பாதிய விடப் பெருசா, சின்னதா?”

பையன் விரல் விட்டு எண்ணி யோசித்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டான். “அடச்சே! துன்னத் துன்னக் கொறஞ்சு பூட்ச்சு மிஸ்!”

அந்தச் சிரிப்பில் சன்னல் கம்பி அதிர்ந்தது. அந்த ஐந்தில் இரண்டை நான் முப்பது ஆண்டுகளாகப் பார்த்துவந்திருக்கிறேன். நூற்றுக்கணக்கான நோட்டுகளில் அதன் மேல் சிவப்புக் கோடு இழுத்திருக்கிறேன். அது எங்கிருந்து வருகிறது என்று ஒருவனையும் கேட்டதில்லை. இதைப் பார்த்து எனக்கு வியப்பு வந்திருந்தால் நான் நல்ல ஆசிரியன். எனக்கு வந்தது வயிற்றெரிச்சல். தண்ணீர் குடிக்காமலே வகுப்புக்குத் திரும்பி, தேர்வு எழுதிக்கொண்டிருந்தவர்களில் பேசாத ஒருவனைப் பேசினாய் என்று எழுப்பி நிறுத்தினேன்.

ஆசிரியர் அறையில் இதைப் பற்றிப் பேசாத நாளில்லை. தமிழ் ஐயா சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே, “என்ன டீச்சர், இந்த வாரம் வஞ்சிரம் வந்துச்சா, இல்ல வெறும் காரப்பொடி மீனுதானா?” என்பார். “காரப்பொடிதான் ஐயா. ஆனா துள்ளிக்கிட்டு இருக்கு” என்று டீச்சரும் சிரிப்பார். அவர் சிரித்துவிடுவதால் கேலி ஒட்டாது. அவர் வெளியே போனதும் பேச்சு மாறும். போர்ஷன் எப்போது முடிப்பார் என்று ஒருவர் கேட்பார். நாம் தொண்டை கிழியக் கத்துகிறோம், இவர் விளையாட்டுக் காட்டி நல்ல பெயர் வாங்குகிறார் என்பார் இன்னொருவர். நான் வாயைத் திறக்க மாட்டேன். எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை வாசலில் நின்று எண்ணியபோது எனக்கு வணக்கம் சொன்னவர்கள் பன்னிரண்டு பேர். அவருக்கு முப்பத்தொரு பேர். எனக்குச் சொன்னவர்கள் ஒதுங்கி நின்று சொன்னார்கள். அவருக்குச் சொன்னவர்கள் ஓடி வந்து சொன்னார்கள். என் பழைய மாணவன் ஒருவனின் தங்கை அவருடைய மேசையில் இரண்டு கொய்யாப்பழம் வைத்துவிட்டுப் போனாள். அவள் அண்ணனுக்கு நான் எண்பத்தெட்டு வாங்கிக் கொடுத்திருந்தேன். அந்த வீட்டிலிருந்து எனக்கு ஒரு கொய்யாவும் வந்ததில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த வாரம் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் இருந்த காகிதங்களைத் தேவையில்லாமல் அடுக்கினார். “சார், தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த வருஷம் பத்து ‘பி’யை மட்டும் டீச்சர்கிட்ட குடுத்துப் பார்க்கலாமா? அந்தப் பிள்ளைங்க அவங்க கையில பழகிட்டாங்க. ‘ஏ’ எப்பவும் போல உங்ககிட்டதான். உங்களுக்கும் ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தானே, பாரம் குறையும்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பாரம் என்ற சொல்லைத்தான் யோசித்தேன். நாற்பத்திரண்டு பிள்ளைகள். நாற்பத்திரண்டு பேரைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ஆனால் அடுத்த ஜூனில் அந்தப் பலகையில் கணக்குக்கு நேரே இரண்டு பெயர் வரும். இரண்டு பெயருக்கு நேரே இரண்டு எண். பார்க்கிறவர்கள் இரண்டையும் ஒப்பிடுவார்கள். பத்தொன்பது ஆண்டுகளாக என் பெயரை ஒப்பிட எதுவுமே இல்லாமல் இருந்தது. அவருடைய எண் என்னுடையதைவிடப் பெரிதாக இருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதுதான் என்னைத் தின்றது. அவருடைய முறை தோற்றுவிடும் என்று நம்பியிருந்தால் சந்தோஷமாக ‘பி’யைக் கொடுத்திருப்பேன்.

பிப்ரவரியில் ஆண்டாய்வு வந்தது. கல்வி அலுவலர் வந்து பள்ளியைச் சுற்றிப் பார்க்கும் நாள். அதற்கு எங்களிடம் ஒரு முறை இருந்தது: வகுப்புக்கு ஐந்து நோட்டு, பழுப்பு அட்டை போட்டு, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் திருத்தி, தேதியோடு ஒப்பம் இட்டு, கூடத்தில் நீள மேசையில் அடுக்கி வைப்போம். அடுக்குவது மூத்த ஆசிரியரான என் பொறுப்பு. முந்தைய நாள் கூட்டத்தில் தலைமையாசிரியர், “டீச்சர், அந்தத் தப்பு நோட்டெல்லாம் நாளைக்கு வெளியில வேணாம். வர்றவரு எப்படி எடுத்துப்பாருன்னு தெரியாது. ஆய்வு முடியட்டும், அப்புறம் நடத்துங்க” என்றார். டீச்சர் நாற்பத்திரண்டு நோட்டையும் கட்டிக் கொண்டுவந்து என் வகுப்பிலிருந்த இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் தந்தார். “உங்ககிட்ட இருந்தா எனக்குக் கவலை இல்ல சார்.”

மறுநாள் காலை ஏழரை மணிக்கே போய்விட்டேன். பீரோவைத் திறந்து கட்டைப் பிரித்தேன். நாற்பத்திரண்டையும் புரட்டினேன். எதில் தப்பு அதிகம் என்று எண்ணினேன். அதற்கு இருபது நிமிடம் ஆயிற்று. அதிகம் இருந்த மூன்றை எடுத்து, ஒன்பது ‘பி’யின் அடுக்கில், திருத்திய நோட்டுகளுக்கு மேலே வைத்தேன். மீதி முப்பத்தொன்பதைப் பழையபடி கட்டிப் பூட்டினேன்.  திரும்பக் கூடத்துக்குப் போய், அடுக்குகளின் ஓரத்தைத் தட்டி நேராக்கினேன்.

வந்த அலுவலர் கெட்ட மனிதர் அல்ல. அன்றைக்கே இன்னும் இரண்டு பள்ளி பார்க்க வேண்டிய அவசரம் அவருக்கு. முதல் நோட்டைத் திறந்தார். பக்கத்தைத் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “இது தப்பு. இதுவும் தப்பு. இதுக்கு நட்சத்திரம் போட்டிருக்கு. கீழே ஆசிரியர் கையெழுத்து. யாரும்மா இது?”

டீச்சர் முன்னால் வந்தார். மேசையில் இருந்த நோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன், மூன்று இறக்கை. அவர் விளக்கத் தொடங்கினார். நிதானமாகத்தான் சொன்னார். அலுவலர் நான்கு நிமிடம் கேட்டார். “கேக்க நல்லாத்தாம்மா இருக்கு. நாளைக்கு ஒரு அப்பா இந்த நோட்டைத் தூக்கிக்கிட்டு என் ஆபீசுக்கு வந்து, டீச்சர் எம் பிள்ளைக்குத் தப்பைச் சொல்லிக் குடுக்குறாங்கன்னா நான் என்ன பதில் சொல்ல?” அப்போது கதவோரம் வரிசையில் நின்றிருந்த அந்த ஏலக்காரப் பெண் பொறுக்காமல், “சார், அது அப்டி இல்ல சார். வெள்ளிக்கெழம நாங்க ஏலம் வுட்டுக்கினு இருப்போம் சார், அதுக்கு சார்” என்றாள். “ஏலமா?” என்றார் அலுவலர். தமிழ் ஐயா சிரித்தார். இன்னும் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நானும் இருந்தேன்.

அறிக்கையில் இரண்டே வரி. தவறான விடைகள் திருத்தப்படாமல் ஆசிரியரின் ஒப்பத்துடன் காணப்படுகின்றன. விளக்கம் பெறப்பட வேண்டும். டீச்சர் நான்கு பக்க விளக்கம் எழுதிக் கொடுத்தார். அதை யாரும் முழுவதும் படித்ததாகத் தெரியவில்லை. ஏலம் நின்றது. தலைமையாசிரியர் பயந்துவிட்டார். நல்லவர்கள்கூடத் தாளில் ஏறிய இரண்டு வரிக்குப் பயப்படுவார்கள். ஜூனில் வந்த கால அட்டவணையில் டீச்சருக்கு ஆறாம் வகுப்பு, மாடியின் கடைசி அறை. பத்தாம் வகுப்பு ‘ஏ’, ‘பி’ இரண்டும் எனக்கு. தட்டிக்கு அந்தப் பக்கம் இப்போது சமூக அறிவியல் நடந்தது. ஒரு சிரிப்பும் வரவில்லை. எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

அவருடைய பிள்ளைகள் என்னிடம் வந்தார்கள். வந்த இரண்டாவது வாரமே ஒன்று நடந்தது. பலகையில் ஒரு சமன்பாட்டை விடுவித்துக்கொண்டிருந்தேன். நடு பெஞ்சிலிருந்து ஏலக்காரப் பெண், “சார், நாலாவது வரியில மைனஸ் வுட்டுட்டீங்க” என்றாள். பார்த்தேன். விட்டிருந்தேன். பத்தொன்பது ஆண்டுகளில் நான் எத்தனை முறை இப்படி விட்டிருப்பேனோ தெரியாது. என் பிள்ளைகள் என் தப்பையும் சேர்த்து ஐந்து முறை எழுதியிருப்பார்கள். நான் எண்ணாத ஒரே கணக்கு அது. பின்னாலிருந்து யாரோ ஒருவன் மெல்ல, “ஒரு தரம்…” என்றான். வகுப்பு முழுவதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு குலுங்கியது. நாற்பத்திரண்டு பேரையும் பாடவேளை முடியும்வரை நிற்க வைத்தேன். அதற்குப் பிறகு சிரிப்பு இல்லை. ஆனால் அவர்கள் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்குப் போட்ட தப்பு. கீழே இரண்டு வரி. நட்சத்திரத்துக்கு இடம் விட்டிருந்தது. பார்க்காதது போல மூடி வைத்துவிட்டேன். அந்த ஒன்றைத் தடுக்காமல் விட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்தான். உண்மையில், தடுத்தால் அது என்ன என்று எல்லார் முன்னாலும் நான் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த ஆண்டுப் பொதுத் தேர்வில் ஐந்து மதிப்பெண் கட்டாயக் கேள்வி ஒன்று புத்தகத்துக்கு வெளியே இருந்து வந்தது. அந்த மாதிரிக் கணக்கு என் வகுப்பில் ஒரு முறைகூட நடந்ததில்லை. முடிவு வந்தபோது பத்தாம் வகுப்பில் பதினோரு சென்டம். ‘ஏ’ பிரிவில் இரண்டு, ‘பி’ பிரிவில் ஒன்பது. அதற்கு முன் என் உச்ச எண்ணிக்கை நான்கு. இறைவணக்கக் கூட்டத்தில் என்னை மேடைக்கு அழைத்துச் சால்வை போட்டார்கள். பதினொன்று என்று தலைமையாசிரியர் இரண்டு தடவை சொன்னார். ஆசிரியர் வரிசையின் கடைசியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்று டீச்சர் கை தட்டினார். எல்லாரும் நிறுத்திய பிறகும் கொஞ்சம் தட்டினார். அது எனக்கா, அந்த ஒன்பது பேருக்கா என்று அன்று முழுவதும் யோசித்தேன். சால்வை கழுத்தில் உறுத்தியது.

அதற்கு அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றேன். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கொரு முறை கருவூலத்துக்கு நேரில் போய் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். இந்த ஆண்டு போயிருந்தபோது என் டோக்கன் அறுபத்திரண்டு. பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்த அறுபத்து மூன்று, டீச்சர். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. அவருக்கு இதுதான் முதல் முறை. எந்தச் சன்னலில் என்ன தர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். உடம்பு, பிள்ளைகள், மழைத் தண்ணீர் என்று பேச்சு போனது. பிறகு அவராகவே சொன்னார்.

“சார், ரொம்ப நாளா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த ஆய்வு அன்னிக்கு என் தப்பு நோட்டை மேசையில வெச்சது நீங்கதானே? சாவி உங்ககிட்ட மட்டும்தான் இருந்துச்சு. எல்லாரும் ஒளிச்சு வைன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் அதிகாரி பார்க்கட்டும்னு நெனச்சீங்க. அவருக்குப் புரியல, அது உங்க தப்பு இல்ல. அப்பவே நன்றி சொல்லியிருக்கணும். வருத்தத்துல விட்டுட்டேன்.”

பதினான்கு ஆண்டுகள் அவர் இப்படி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். பதினோரு சென்டத்தோடும் சால்வையோடும் இந்த நன்றியும் எனக்கே வந்துவிடும். அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது. ஒரு ஆளைப் பற்றி இவ்வளவு நல்லபடியாக நினைத்துக்கொண்டு பதினான்கு ஆண்டுகள் நடமாட முடிகிறதே என்ற பொறாமை. அதைத் தாங்க முடியாமல்தான் சொன்னேன். நேர்மையால் அல்ல.

“இல்ல டீச்சர். உங்களை மாட்டிவிடத்தான் வெச்சேன். பத்து ‘பி’ உங்களுக்குப் போயிடக் கூடாதுன்னு.”

அவர் கையிலிருந்த உறையை மடியில் வைத்தார். என் எண்ணைக் கூப்பிட்டார்கள், எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். அவரும் போய் வந்தார். அப்படியே கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அன்னிக்கு மேசையில இருந்த மூணும் யார் யாரோட நோட்டு சார்? ஞாபகம் இருக்கா?”

பெயர்களைச் சொன்னேன். மூன்று பெயரும் எனக்கு மறக்கவே இல்லை.

“மூணுமே சென்டம்” என்றார்.

“ஆமா.”

“அந்த ஏலக்காரப் பொண்ணு இப்ப மீஞ்சூர்ல தண்ணி சுத்திகரிக்கிற ஆலையில இருக்கா. பெனால்டிக்காரன் பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டுல. இன்னொருத்தன் துறைமுகத்துல கிரேன் ஓட்டுறான், எங்கப்பா மாதிரி. போன வருஷம் அவங்க அம்மா தவறிட்டாங்க. மூலக்கொத்தளம் மயானம் வரைக்கும் போயிட்டு வந்தேன்.” உறையின் ஓரத்தை மடித்து நீவினார். “பத்து ‘பி’ கெடக்கட்டும் சார். அது எனக்குப் பெருசா தெரியல. ஆறாம் வகுப்புல ஏலத்தைத் திரும்ப ஆரம்பிக்கலாம்னு ஒவ்வொரு ஜூன்லயும் நெனப்பேன். வெள்ளிக்கிழமை பலகை வரைக்கும் போவேன். யாராவது வந்து பார்த்துச் சிரிப்பாங்களோன்னு இருக்கும். திரும்பி வந்து வாய்ப்பாடு சொல்லச் சொல்லிடுவேன். பதிமூணு வருஷம் சார். அவ்ளோ வெள்ளிக்கிழமை.”

எத்தனை வெள்ளிக்கிழமை என்று என் மனம் பெருக்கத் தொடங்கியது. நிறுத்த முடியவில்லை. அவர் உறையைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். “வரேன் சார்” என்று சொல்லவில்லை. அவர் இறங்கிப் போவதைப் படிக்கட்டின் மேலிருந்து பார்த்தேன்.

மறு வாரம் பள்ளிக்குப் போனேன். தட்டியை எடுத்துவிட்டுச் சுவர் கட்டியிருக்கிறார்கள். இப்போதைய தலைமையாசிரியர் என் மகன் வயதுக்காரர். எழுந்து நின்று நாற்காலி போட்டார். அவருக்குப் பின்னால் பலகையில் அந்த ஆண்டு, என் பெயர், பதினொன்று. அந்த வரியில் டீச்சரின் பெயரையும் எழுத வேண்டும் என்று கேட்டேன். காரணத்தையும் சொன்னேன், முழுக் காரணத்தை அல்ல. அவர் பணிவாகக் கேட்டுக்கொண்டார்.

“புரியுது சார். ஆனா ரெக்கார்டுல அந்த வருஷம் பத்தாம் வகுப்புக்கு உங்க பேருதானே இருக்கு. அதை மாத்துனா நாளைக்கு ஆளாளுக்கு வந்து கேப்பாங்க. முடியாது சார்.”

வெளியே வந்தபோது எனக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. முடியாது என்ற சொல்லைக் கேட்டதும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இறங்கி வசதியாக உட்கார்ந்தது. எழுபது வயதில், அவர் முகத்துக்கு நேரே உண்மையைச் சொன்ன பிறகும், அந்தப் பதினொன்று என் பெயரிலேயே இருக்கட்டும் என்றுதான் என் மனம் கேட்டிருக்கிறது. அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் பயந்துபோய் இதை எழுத உட்கார்ந்தேன். பலகையில் எழுத முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன். பதினொன்றில் ஒன்பது அவருடையவை. மீதி இரண்டு என்னுடையவை. அந்த இரண்டு பிள்ளைகளின் பெயர் என்ன என்று நேற்றுக் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நினைவுக்கு வரவில்லை.